இழை அறுந்தால் தறியை நிறுத்து: ஜப்பான் வண்டிகள், அன்றும் இன்றும்

வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் ஒரு நீண்ட சரக்கு ரயில் நிற்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் பழைய பயணிகள் ரயில் போலவே தெரியும். கிட்டப் போனால் ஜன்னல்கள் எல்லாம் இரும்புத் தகட்டால் அடைபட்டிருக்கும். மக்களைச் சுமந்து வயதான பெட்டிகளில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, முனைகளில் கதவு வைத்து, கார் ஏற்றுவதற்கென்றே மாற்றிய பெட்டிகள் அவை. கடைசிப் பெட்டியின் வாயிலில் சாய்தளம் போட்டு ஒவ்வொரு காராக ஏற்றுகிறார்கள். பெட்டி விட்டுப் பெட்டி ரயிலுக்குள்ளேயே ஓடிப் போய்க் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஆலைகளில் பிறந்த கார்கள் இப்படி நம் ஊர் வழியாக நாட்டின் வடகோடி வரைக்கும் போகின்றன.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் ஒரு புதுக் கார் வந்து நின்றால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். கண்ணாடியில் முகம் பார்ப்போம். இப்போது ரயில் நிறையக் கார்கள் போகின்றன, நின்று பார்க்க ஆள் இல்லை.

இத்தனை மாறியும் ஒரு பேச்சு மட்டும் மாறவில்லை. யாராவது வண்டி வாங்கப் போகிறேன் என்று டீக்கடையில் சொன்னால் போதும். "ஜப்பான் வண்டியா? அப்போ கண்ண மூடிக்கினு வாங்குப்பா" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார். இந்த நம்பிக்கை எங்கே இருந்து வந்தது, அது நியாயமானதுதானா, இன்றும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் ஒரு வண்டி வாங்க ஐந்து வருடச் சேமிப்பைப் போடுகிற ஊர் இது. ஆகவே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான்.

அன்று: கெட்டால் பார்த்துக்கொள்ளலாம்

எழுபதுகளில் இந்தச் சாலைகளில் ஓடிய கார்கள் மூன்றே வகை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்ட அம்பாசிடர், இத்தாலியின் ஃபியட், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஆலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இருசக்கர வண்டி என்றால் திருவொற்றியூர் புல்லட், மைசூர் ஜாவா, ராஜ்தூத், லாம்பிரட்டா, பஜாஜ். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. போட்டி கிடையாது, இறக்குமதி கிடையாது. செய்கிறவர் செய்ததை வாங்குகிறவர் வாங்கினார்.

அந்த வண்டிகளோடு வாழ்வதற்குக் கொஞ்சம் கைவேலை தெரிந்திருக்க வேண்டும். ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார்கள். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்துதான் ஊற்ற வேண்டும். அளவு கூடினால் பிளக் கரிபிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாயிண்ட் இடைவெளி தேய்ந்து தீப்பொறி வராமல் போகும். கொஞ்ச காலம் ஓடியதும் இன்ஜின் தலையை இறக்கிக் கரியைச் சுரண்ட வேண்டும். கோடையில் கார் எடுத்தால் டிக்கியில் ஒரு தண்ணீர் டின், ஒரு ஃபேன் பெல்ட், நாலு பிளக் கட்டாயம் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரச் செங்கல்பட்டுக்கு ஒரு வாடகைக் கார் போயிருந்தது. திரும்பி வரும்போது பழையசீவரம் தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் பதறவில்லை. பானெட்டைத் தூக்கி, கார்பரேட்டரைப் பிரித்து, ஜெட்டை எடுத்து வாயால் ஊதினார். ஏதோ ஒரு கம்பி அறுந்திருந்தது, சாலையோர வேலியில் கிடந்த கம்பியை வெட்டிக் கட்டினார். அரை மணி நேரத்தில் கார் கிளம்பி, முகூர்த்தத்துக்கு முன்பே வந்து சேர்ந்தது. வீட்டில் யாரும் அந்தக் காரைத் திட்டவில்லை. "நல்ல வண்டி, கையாலேயே சரிபண்ணிக் கொண்டுவந்துட்டாரு" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கால நம்பிக்கை இதுதான். வண்டி நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நின்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்துவிடலாம் என்பதும் தெரியும். ஒரு பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து போட்டுவிடுவார்கள். இதன் உச்சத்தை யாழ்ப்பாணத்தார் தொண்ணூறுகளில் பார்த்தார்கள். பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாத நாட்களில், ஆஸ்டின், மாரிஸ் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்பும்போது மட்டும் கொஞ்சம் பெட்ரோல் தெளிப்பார்கள். வண்டியின் ஒவ்வொரு திருகும் ஓட்டுபவருக்குத் தெரிந்திருந்ததால் நடந்த காரியம் அது. அதுவும் ஒருவகை உழைப்புதான். ஜப்பான் வண்டிகளைப் புகழும்போது அதை மறந்துவிடக் கூடாது.

கெடவே கெடாது என்று ஒரு வண்டி வந்தபோது

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், சுஸுகியின் தொழில்நுட்பம். அதற்குச் சற்று முன்பின்னாக 100 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளில் வெளிநாட்டுக் கூட்டுக்கு மத்திய அரசு வழிவிட்டது. ஓசூரில் இருந்து 1984இல் இன்ட்-சுஸுகி வந்தது. அதே ஆண்டு கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பொத்தானை அழுத்தினால் கிளம்பும். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. மறு ஆண்டு பஜாஜோடு கவாசாகி. மூன்று, நான்கு ஆண்டுகளில் ஜப்பானின் நான்கு பெரிய இருசக்கர நிறுவனங்களும் இந்தியச் சாலையில் இருந்தன.

நம் பக்கத்துச் சாலையில் இவை உண்டாக்கிய மாற்றத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவது கடினம். மழையில் இரவெல்லாம் நனைந்த வண்டி காலையில் ஒரே உதையில் கிளம்பியது. காரணம் மந்திரம் இல்லை. தேய்கிற பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு முறையில் தீப்பொறி தருகிற சிடிஐ இருந்தது. ஆர்எக்ஸ் 100இல் ஆயிலை ஒரு சிறிய பம்ப் தானே அளந்து கொடுத்தது, கையால் கலக்கும் வேலை போயிற்று. சிடி 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், ஆயிலும் பெட்ரோலும் கலக்கவே வேண்டாம். பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். மக்கள் அப்படியே மறந்தும்போனார்கள்.

எங்கள் ஊரில் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன் அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இதுல சரிபண்றதுன்னு ஒண்ணும் இல்ல தம்பி. போனா கழட்டிப் போட்டுட்டு புதுசு மாத்தணும். அவ்ளோதான்." அவர் குறையாகச் சொல்லவில்லை, வியப்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு தொழிலே மாறப்போவதை அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். தேய்த்து, சுரண்டி, கடைந்து ஓட்டும் காலம் முடிந்து, மாற்றிப் போடும் காலம் தொடங்கியிருந்தது.

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இல் நின்றது. இன்றும் நல்ல நிலையில் ஒரு வண்டி இருந்தால் லட்சத்தைத் தாண்டி விலை பேசுகிறார்கள். 2000இல் வந்த டொயோட்டா குவாலிஸ் ஐந்தே ஆண்டுகள்தான் விற்பனையில் இருந்தது. அதன் பின்னும் வெகுகாலம் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. அதன் தம்பியாக வந்த இன்னோவாவில்தான் இப்போது வெளிமாநிலக் கல்யாண வீட்டார் முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு வருகிறார்கள். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியதை வாடகை வண்டிக்காரர்கள் மீட்டரைக் காட்டிச் சொல்வார்கள். நாள் தவறினால் வருமானம் தவறும் மனிதர்கள் தரும் சான்றிதழ் இது. விளம்பரத்தைவிட எனக்கு இது பெரிது.

எல்லா ஜப்பான் வண்டியும் வெல்லவில்லை

ஆனால் அன்றும்கூட ஜப்பான் என்ற பெயர் மட்டும் போதவில்லை. எண்பதுகளின் நடுவில் சிறிய சரக்கு வண்டிகளில் நான்கு ஜப்பானியக் கூட்டுகள் இந்தியாவில் இறங்கின: டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்டா, ஐச்சர் மிட்சுபிஷி. 1985இல் உலக நாணயச் சந்தையில் யென் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஜப்பானில் இருந்து வரும் பாகங்களின் விலையும் சேர்ந்து ஏறியது. 1986இல் டாடா தன் 407ஐ இறக்கியது. விலை குறைவு, எங்கும் பாகம் கிடைக்கும், அளவுக்கு மேல் ஏற்றினாலும் தாங்கும். நான்கு ஜப்பானியக் கூட்டுகளில் டொயோட்டாவும் நிசானும் கைமாறி மறைந்தன. மஸ்டா வேனும் ஐச்சரும் உள்ளூர்ப் பாகங்களை விரைவாகச் சேர்த்துக்கொண்டு நிலைத்தன. இன்றைக்கு உலகமே மெச்சும் டொயோட்டாவின் பெயர் ஒரு காலத்தில் இந்திய லாரிச் சந்தையில் தோற்றிருக்கிறது.

பக்கத்து ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை நெசவாளர்களின் கதை இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய பாவையும் பட்டையும் நெய்து முடித்த சேலையையும் சைக்கிளுக்குப் பிறகு சுமந்தது ஜப்பான் வண்டி அல்ல. 1980இல் ஓசூரில் இருந்து வந்த டிவிஎஸ் 50தான். விலை குறைவு, எடை குறைவு, வீட்டு நடையில் ஏற்றி வைக்கலாம், பழுதும் எளிது. ஏழையின் கையில் அது உழைத்த உழைப்புக்கு எந்த நாட்டுப் பெயரும் தேவைப்படவில்லை.

பெயர் வந்த வழி

ஜப்பானுக்கும் இந்தப் பெயர் பிறவியில் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் ஜப்பான் சாமான் என்றாலே மலிவு, சீக்கிரம் உடையும் என்றுதான் உலகம் நினைத்தது. டொயோட்டா தன் டொயோபெட் கிரவுன் காரை 1957இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அந்த நாட்டு நெடுஞ்சாலை வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்தக் காரின் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். வண்டியைச் செய்யும் முறையையே திருத்தினார்கள்.

அந்தத் திருத்தத்தின் விதை 1950இலேயே விழுந்திருந்தது. எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் அந்த ஆண்டு ஜப்பானியப் பொறியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். செய்து முடித்த பொருளைச் சோதித்துக் கெட்டதைத் தூக்கி எறிவதைவிட, கெட்டது உருவாகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்து என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். 1951இல் அவர் பெயரில் ஜப்பானியர் ஒரு பரிசே ஏற்படுத்தினார்கள். டொயோட்டா ஆலையில் இதே எண்ணத்துக்கு ஒரு கயிறு இருந்தது. வேலை செய்யும் இடத்துக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். ஒரு திருகு சரியாக உட்காரவில்லை என்று பட்டால், கடைநிலைத் தொழிலாளியே கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வர வேண்டும். உடனே சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும்.

தறிக்குழியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதுப்பாடம் அல்ல. பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்துவார். தேடி எடுத்து முடிச்சிட்டுச் சேர்த்த பிறகுதான் அடுத்த ஊடை ஓடும். நிறுத்தாமல் நெய்தால் அந்த ஒரு இழை சேலை முழுக்க ஒரு கோடாக விழும். அதன் பிறகு எத்தனை மெருகு போட்டாலும் மறையாது. இழை அறுந்தால் தறியை நிறுத்து. ஜப்பான் வண்டிகள் பெற்ற பெயரின் மொத்தக் காரணத்தையும் நம் ஊர்ப் பாஷையில் இந்த நான்கு சொற்களில் சொல்லிவிடலாம்.

பழக்கம் என்பது யாருடைய குலச்சொத்தும் அல்ல. டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்ற நிறுவனம் சென்னைப் பாடியில் பிரேக் பாகங்கள் செய்த சுந்தரம் கிளேட்டன், ஆண்டு 1998. டிவிஎஸ் மோட்டார் 2002இல் பெற்றது. ஜப்பானின் பரிசை ஜப்பானியக் கண்களின் முன் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் வாங்கிவிட்டார்கள் என்றால், வண்டியின் தரத்தைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றுதான் பொருள்.

இன்று: எது ஜப்பான் வண்டி?

வாலாஜாபாத்தில் இருந்து வண்டலூர்ச் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் ஒரகடம். அங்கே 2010 மார்ச்சில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 4,500 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 4 லட்சம் கார்கள் செய்யும் திறன். அங்கே செய்த நிசான் மைக்ரா எண்ணூர்த் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே அதை வாங்கியவர் ஜப்பான் கார் என்று வாங்கியிருப்பார். பூட்டியது நம் பக்கத்துக் கைகள். வல்லம் வடகாலில் 2015இல் இருந்து யமஹா ஆலை ஓடுகிறது. அதிகாலையில் நம் ஊர்ச் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்க, தறி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் அடையாள அட்டையோடு ஏறிப் போகிறார்கள்.

பெயர்ப்பலகையும் கலந்துவிட்டது. 2013இல் வந்த நிசான் டெரானோ உடம்பால் ரெனோ டஸ்டர். 2019இல் வந்த டொயோட்டா கிளான்ஸா மாருதி பலேனோவின் மறுபதிப்பு. 2023இல் வந்த மாருதி இன்விக்டோ டொயோட்டா ஹைகிராஸ். 2025இல் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கையும் ரெனோவே வாங்கிக்கொண்டது. ஆக, ஜப்பான் பெயர் தாங்கிய காரை முழுதும் பிரெஞ்சுக்காரருக்குச் சொந்தமான ஆலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் செய்கிறார். இதில் கண்ணை மூடிக்கொண்டு எந்த நாட்டை நம்புவது?

ஜப்பானிலும் இழைகள் அறுந்திருக்கின்றன. 2009, 2010இல் டொயோட்டா ஆக்சிலரேட்டர் மிதி, தரைவிரிப்புக் கோளாறுகளுக்காக உலகெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தெரிந்ததை மறைத்ததற்காக 2014இல் அமெரிக்காவில் 120 கோடி டாலர் கட்டியது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகள், உள்ளே இருந்த வெடிமருந்து வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நாள்பட்டுக் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளை வீசின. உயிர்கள் போயின. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. வெப்பமும் ஈரக்காற்றும் நம் ஊருக்குப் புதிதா? இந்தியாவிலும் ஹோண்டா கார்களில் அந்தப் பாகங்களை மாற்ற வேண்டி வந்தது.

எல்லாவற்றிலும் எனக்கு வலித்தது டைஹாட்சு விவகாரம். டொயோட்டாவுக்கு முழுச் சொந்தமான நிறுவனம் அது. பாதுகாப்புச் சோதனைகளில் 64 மாடல்களில் முறைகேடு நடந்திருப்பதாக 2023 டிசம்பரில் விசாரணைக் குழு சொன்னது. சில 1989 வரைக்கும் பின்னால் போயின. எல்லா வண்டிகளின் விநியோகத்தையும் நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம் என்று குழு சுட்டியது, மூச்சுவிட முடியாத அளவுக்கு நெருக்கிய கால அட்டவணையை. "இது முடியாது" என்று கீழே இருப்பவர் மேலே சொல்ல வழி இல்லாமல் போயிருந்தது. கயிற்றைக் கண்டுபிடித்த குடும்பத்திலேயே கயிற்றை இழுக்கக் கை வரவில்லை.

இது நமக்கும் பாடம். 2018இல் ஒரகடம் வட்டாரத்தில் யமஹா, ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்கள் சங்க உரிமைக்காகவும் வேலை நிலைமைக்காகவும் வாரக்கணக்கில் போராடினார்கள். பேச இடம் இருக்கும் தொழிலாளிதான் "இந்தத் திருகு சரியில்லை" என்றும் சொல்வார். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தத் தொழிலாளி வரிசையை நிறுத்தத் துணிவாரா? தொழிலாளியின் கௌரவத்தையும் வண்டியின் உழைப்பையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

உழைப்பது வேறு, காப்பது வேறு

இன்னொரு தெளிவும் வேண்டும். வண்டி நிற்காமல் ஓடுவது ஒன்று. மோதினால் உள்ளே இருப்பவரைக் காப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே நம்பிக்கையில் போட்டு மூட்டை கட்டிவிட்டோம். 2014இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், அதிகம் விற்ற மாருதி ஸ்விஃப்டும் ஒரகடத்தில் நிசான் செய்த டாட்சன் கோவும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. டாட்சன் காரைச் சந்தையில் இருந்தே எடுக்கும்படி அந்த அமைப்பு நிசானைக் கேட்டது. நாலு வருடம் கழித்து, 2018இல், முதன்முதலாக ஐந்து நட்சத்திரம் வாங்கிய இந்தியக் கார் டாடா நெக்ஸான். 2024இல் மாருதியின் புதிய டிசையரும் ஐந்து வாங்கியது. கேட்க ஆள் இருந்தால் செய்வார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே ஒரு சோதனை முறை இருக்கிறது.

உழைப்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், ஜப்பானுக்குச் சாட்சிகள் இன்றும் பலம்தான். கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு, கார் வைத்திருப்பவர்களிடமே ஆண்டுதோறும் கேட்டு எடுக்கும் பட்டியலில் டொயோட்டா, லெக்ஸஸ், சுபாரு ஆகியவை முன்வரிசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதே ஜப்பானின் நிசான், தன் சிவிடி கியர்பாக்ஸ் கோளாறுகளுக்காக அமெரிக்காவில் வழக்குகளைச் சந்தித்து உத்தரவாதக் காலத்தை நீட்ட வேண்டி வந்தது. இலங்கையோ விரும்பாமலே ஒரு பெரிய சோதனைக்கூடம் ஆனது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. ஐந்து ஆண்டுகள், இருந்த பழைய ஜப்பானிய வண்டிகளை வைத்தே அந்த மக்கள் காலம் தள்ளினார்கள். வண்டிகளும் தாங்கின, அவற்றைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குகளும் தாங்கினார்கள்.

நம் ஊர்ப் பட்டறையும் மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதி. கார்பரேட்டர் இடத்தில் ஊசி போல எரிபொருள் தெளிக்கும் கருவி, ஒவ்வொரு மூலையிலும் சென்சார். இன்ஜின் விளக்கு எரிந்தால் உப்புத்தாளுக்கு வேலை இல்லை. ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். அன்று கெட்டால் சரியாகும் வண்டி இருந்தது. பிறகு கெடாத வண்டி வந்தது. இன்றைய வண்டி, எந்த நாட்டுடையது ஆனாலும், அபூர்வமாகவே கெடுகிறது. ஆனால் கெட்டால் வழியில் யாராலும் தொட முடிவதில்லை. சாலையோர மெக்கானிக்குக்குப் பாகமும் படமும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு எழுந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் துறை அதற்காக 2022இல் ஓர் இணையதளமும் திறந்தது. அது பேச்சோடு நின்றுவிடக் கூடாது.

என் தீர்ப்பு

ஜப்பான் வண்டிகள் பெற்ற பெயர் நியாயமானது. நாற்பது ஆண்டுகள் நம் சாலையில், நம் வெயிலில், நம் சுமையோடு ஓடிச் சம்பாதித்த பெயர் அது. அதை மறுப்பவர் ஒரு பழைய சிடி 100 வைத்திருப்பவரிடம் போய்ப் பேசட்டும். ஆனால் அந்தப் பெயர் ஒரு நாட்டுக்கு எழுதிக்கொடுத்த பட்டயம் அல்ல. தவறு தெரிந்த இடத்தில் நிறுத்தித் திருத்திய பழக்கத்துக்குக் கிடைத்த கூலி. பழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே நல்ல வண்டி இருக்கும், பாடியில் ஆனாலும் ஓசூரில் ஆனாலும் ஒரகடத்தில் ஆனாலும். பழக்கம் விட்டுப்போன இடத்தில் டோக்கியோ பெயர் இருந்தும் பயன் இல்லை.

எனவே வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சிலவே. நாட்டைக் கேட்காதீர்கள், மாடலைக் கேளுங்கள். ஒரே மாடலை ஐந்து வருடம் ஓட்டிய வாடகை வண்டிக்காரரிடம் கேளுங்கள். எந்த வண்டி எதற்காகப் பட்டறைக்கு வருகிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று பாருங்கள். பழைய வண்டி என்றால் சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைத்த வண்டியா என்று பார்த்துவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் திரும்ப அழைப்பு இங்கே சட்டமாகிவிட்டது. அந்தப் பழுதைக் கம்பெனி தன் செலவில்தான் சரிசெய்து தர வேண்டும்.

வாங்கிய பிறகு கயிறு உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. ஆயில் மாற்றும் நாள் தள்ளிப்போகும்போதும், பிரேக்கில் புதுச் சத்தம் கேட்கும்போதும், விளக்கு ஒன்று எரியும்போதும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். அன்றைக்கே வண்டியை ஓரம் நிறுத்துங்கள்.